திரையின் மூலையில் ஒரு பொத்தான்

குரோம்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் ஆறு வருஷமாகப் பதிவு கவுண்டரில் இருந்தவள் அமலராணி. சேரும்போது விண்ணப்பத்தில் ஆங்கிலம் தெரியும் என்று எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. அதனால் தினமும் முதல் ஆளாக வந்து கம்ப்யூட்டரில் பதிவு மென்பொருளைத் தமிழில் திறந்துவிடுவாள். மொழியை மாற்ற அதை மூடித் திறக்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவே யார் அந்தச் சனியனில் கைவைப்பார்கள்? குட்டு வெளிப்படாமல் ஓடியது. புருஷன் இல்லாத வீட்டில் அந்த வேலையால்தான் அடுப்பு எரிந்தது.

வினையை அவளே விலைக்கு வாங்கினாள். கரண்ட் போய் வந்தால் எல்லாம் ஆங்கிலத்தில் நிற்கிறது என்று, மென்பொருளைப் பார்த்துக்கொள்ளச் சிறுசேரியிலிருந்து வரும் ஸ்ரீவத்சனிடம் சொன்னாள். "ஓடிக்கினு இருக்கும்போதே மாத்துற மாதிரி வெச்சுக் குடுங்க சார்."

அடுத்த மாதமே வைத்துக் கொடுத்தான். திரையின் மூலையில் ஒரு பொத்தான். அழுத்தினால் அடித்த விவரம் அப்படியே இருக்கும், மொழி மட்டும் மாறும்.

பக்கத்து கவுண்டர் பிரசன்னாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அமலராணி தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவான். "இன்னாக்கா, மாறிப்போச்சா?" என்று கேட்பான். அவள் பதறிப்போய்த் தமிழுக்கு மாற்றுவாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான், வெட்கங்கெட்டவள்.

மூன்றாவது நாள் மேனேஜர் ராஜகோபாலன் கவனித்துவிட்டார். அவள் பின்னால் வந்து நின்றார்.

"இங்கிலீஷ்லயே போடுங்கம்மா. அந்த பட்டனைத் தொடாதீங்க."

எதிரில் வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்கு வந்த மாளவிகா என்ற பெண். பெயர், வயது வரை பழக்கத்தில் ஓடியது. பிறகு திரை ஏதோ கேட்டது. அமலராணி மவுஸை அந்தப் பொத்தான் வரை கொண்டுபோய்த் திரும்ப இழுத்துக்கொண்டாள். ராஜகோபாலனுக்கு அப்போதே புரிந்திருக்கும். ஆனாலும் பாவி மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

மாளவிகாவுக்கு மனசு கேட்கவில்லை. எட்டித் திரையைப் பார்த்தாள். "இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கேனான்னு கேக்குதுக்கா. இல்லைன்னு போடுங்க."

ராஜகோபாலன் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க எங்கம்மா வேலை பாக்கறீங்க?"

"தேடிட்டிருக்கேன் சார்."

"இந்த சீட் காலியாகுது. திங்கட்கிழமை வரீங்களா?"

மாளவிகா அமலராணியைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"காலையில எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்டாள்.

அவளுக்கான டோக்கனை அமலராணிதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.