டோவர் சுரங்கத்தில் ஒரு மடக்கு

ஐந்தாம் வகுப்பில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சான் ஹோசேயில் என் வகுப்பில் பாதிப் பேர் அதை நம்பவும் செய்தார்கள். அதனால் பள்ளியில் பயணக் கண்காட்சி என்று சொல்லி, ஆளுக்கொரு வெளிநாட்டு ஊரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது, எனக்கு இங்கிலாந்தின் டோவர் வந்ததில் நான் துளியும் கலங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரிக்குப் பாரிஸ் விழுந்திருந்தது. விழட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். முதலாவதாக வருகிற ஊரின் மாதிரியை வருடம் முழுக்க நூலக வாசலில் வைப்பார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும்.

டோவரைக் கரைத்துக் குடித்தேன். கடலோரம் வெள்ளைப் பாறைகள், மேலே கோட்டை, கோட்டைக்கு அடியில் யுத்தகாலச் சுரங்கங்கள். எதிர்க்கரையான பிரான்சிலிருந்து பீரங்கிக் குண்டுகள் வந்து விழ, ஊர்ச்சனம் குகைகளுக்குள் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. இப்போது அந்தச் சுரங்கங்களை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். கோட்டையையும் பாறையையும் யார் வேண்டுமானாலும் அட்டையில் வெட்டி ஒட்டிவிடலாம். நான் சுரங்கத்தையே கட்டி, வருகிறவர்களை அதற்குள் தவழவிடுவது என்று முடிவெடுத்தேன்.

மில்பிடாஸ் இந்தியக் கடையில் கேட்டு அப்பா பெரிய பெரிய அட்டைப்பெட்டிகளைக் காரில் திணித்துக்கொண்டு வந்தார். ஒட்டுகிற வேலை மாமாவுக்கு. மாமா அம்மாவின் தம்பி. அந்த வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அதிகம் பேசமாட்டார், ஆனால் எந்த வேலை சொன்னாலும் தட்டமாட்டார். கராஜ் தரையில் சாக்கட்டியால் நீளமாக ஒரு நேர்க்கோடு போட்டு, இதன்மேல் கட்டுங்கள் என்றேன்.

"நேரா விடக்கூடாது, பிள்ளை. நடுவில ஒரு மடக்கு வேணும்."

என் படத்தில் நேராகத்தானே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கத்தினேன். மாமா அசையவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மா தரையில் கிடந்த சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"அவன் சொல்லுறபடியே செய்யட்டும், விடு."

எதற்கும் என் பக்கம் நிற்கிற அம்மா இப்படிக் கட்சி மாறியது எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது சுரங்கம் 'ட' எழுத்தைப் போல் திரும்பி நின்றது. பிரித்துக் கட்ட நேரமில்லை.

ஆனால் அந்த மடக்குதான் என்னை ஜெயிக்கவைத்தது. நேராகப் போகிறவரைக்கும் வெளிச்சம் இருக்கும்; திரும்பியதும் கும்மிருட்டு. அந்த இருட்டில் டேப்லெட்டில் நான் விமானத் தாக்குதல் சங்கை ஒலிக்கவிட, பிள்ளைகள் வீறிட்டு வெளியே வந்து மறுபடி வரிசையில் நின்றார்கள். பாரிஸில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் இந்த மடக்கு என்று டீச்சர் கேட்டார். பயணிகளுக்கு விளையாட்டு இன்னும் சுவாரசியமாக இருக்கும் என்று யோசிக்காமல் அடித்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். பின்னால் நின்ற மாமாவும் தட்டினார்.

வாசலில் குண்டு விழுந்தால் அதன் சிதறல் நேராகப் பாயும், மடக்குக்குப் பின்னால் இருப்பவர்களைத் தொடாது. இதை நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா ஒருநாள் சொன்னார். அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கண்காட்சி முடிந்து ஃப்ரீவேயில் வரும்போது எனக்கு அழ என்ன இருந்தது? நூலக வாசல் கிடைத்துவிட்டதே. பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த மாமா கேட்டார்.

"டீச்சர் என்ன கேட்டவ?"

"ஏன் பெண்ட் இருக்கு எண்டு. விளையாட நல்லா இருக்கும் எண்டு சொன்னன்."

"ஓம், அதுவும் சரிதான். நானும் உங்கட அம்மாவும் பங்கருக்குள்ள நல்லா விளையாடினனாங்கள்."

பங்கர் என்றால் என்னவென்று கேட்டேன்.

"எங்கட வீட்டு முற்றத்தில எங்கட ஐயா, உங்கட அம்மப்பா, வெட்டினவர். உங்கட டோவர் மாதிரித்தான்."

முன் சீட்டில் அம்மா திரும்பவில்லை. எனக்கு வெற்றியெல்லாம் சப்பென்று போய்விட்டது. சொந்த முற்றத்தில் சொந்தச் சுரங்கம்! டிக்கெட் இல்லாமல், நினைத்தபோதெல்லாம் உள்ளே போய் விளையாடியிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடுத்துவைத்த பிள்ளைகள், எனக்கு வாய்த்தது வெறும் அட்டைப்பெட்டி என்று வீடு வந்து சேரும்வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன்.