மஞ்சள் கறைக்குப் பிடித்தம்

என் முதல் வேலைக்கு அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"பேசின கூலியில ஒரு சக்கரம் கொறைச்சாலும் அன்னிக்கே வீட்டுக்கு வந்திரணும். பொறவு அந்த வாசலை மிதிக்கப்பிடாது, கேட்டியா?"

திருவிதாங்கூர்க் காசான சக்கரம் செல்லாமல் போய், ரூபாயும் அணாவும் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட காலம் அது. அப்பாவின் வாயில் மட்டும் சக்கரம் நல்ல புழக்கத்தில் இருந்தது.

வேலை நாகர்கோவிலில், ஒரு தையல் வீட்டில். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்த அம்மாள் ஒருவர், தன் வீட்டு முன்கூடத்தில் பெண்களை வரிசையாக உட்கார வைத்து, வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூவேலை செய்யச் சொல்லிக் கூலி கொடுத்தார். மேஜை விரிப்பு, கைக்குட்டை, தலையணை உறை, எல்லாம் கப்பலேறிச் சீமைக்குப் போகும். அவரை எல்லோரும் டீச்சரம்மா என்போம். நாலாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் நெல் காயப்போட்டுக்கொண்டும் காக்கா விரட்டிக்கொண்டும் இருந்த எனக்கு, அந்தக் கூடத்தில் ஓர் இடம் கிடைத்ததே பெரிய காரியமாக இருந்தது. சித்தப்பாவுக்குத்தான் மனசே ஆறவில்லை. "சொந்தமா வயல் வச்சிருக்கவன் மகளைக் கூலிக்கு அனுப்புகது நல்லாவா இருக்கு?" என்று மூன்று நாள் எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டார். அவர் வாயை அடைக்கத்தான் அப்பா அந்த நிபந்தனையைப் போட்டார் என்று நினைக்கிறேன். போட்டபின் அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது.

எனக்கு வேலை பிடித்துப்போனது. சும்மா சொல்லவில்லை, அப்படிப் பிடித்தது. காலையில் ஊர் முக்கிலிருந்து பஸ். வடசேரியில் இறங்கிக் கொஞ்சம் நடை. கூடத்தில் பெரிய ஜன்னல்களின் பக்கத்தில் பாய் விரித்திருக்கும். துணியைக் கையில் தரும்போதே உருப்படிக்கு இன்ன கூலி என்று சொல்லிவிடுவார்கள். மர வளையத்தில் துணியை இறுக்கிப் பிடித்து, இலையும் காம்பும் மொட்டுமாகத் தைக்கத் தைக்க நேரம் போவதே தெரியாது. பக்கத்திலிருப்பவள் தன் மாமியார் கதையைச் சொல்லுவாள். எல்லோரும் சிரிப்போம். வீட்டில் இப்படிச் சிரித்தால் அம்மை, "பொட்டப் பிள்ளைக்கு என்னட்டி இவ்வளவு சிரிப்பு" என்பாள். இங்கே சிரித்தால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஊசி நிற்காமல் போனால் போதும்.

தைத்த துணியை வாங்கிப் பார்ப்பது ஓர் அக்கா. முட்டத்துக்காரி, புருஷன் கடலோடு போய்விட்டான். வெள்ளிக்கிழமை தோறும் வெளிச்சத்தில் துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். முதல் வெள்ளிக்கிழமை என் விரிப்பை அப்படித் தூக்கிப் பார்த்தவள், "ஏட்டி, இது என்னது மஞ்சளா இருக்கு?" என்றாள்.

ஓரத்தில் என் பெருவிரல் அப்படியே பதிந்திருந்தது, பழுத்த பூவரசு இலை நிறத்தில்.

எங்கள் வீட்டில் பெண்கள் மஞ்சள் தேய்க்காமல் குளிப்பது கிடையாது. அம்மை விடிவதற்கு முன்பே கல்லில் மஞ்சளை உரைத்து, குளத்துக்குப் போகும்போது ஒரு சிரட்டையில் கையில் தந்துவிடுவாள். முகம், கழுத்து, கை, கால், ஒன்றும் மிச்சம் வைக்கக்கூடாது. அந்த மஞ்சள் வேர்வையோடு சேர்ந்து வெள்ளைத் துணியில் இறங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கூடத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கோயிலுக்குப் பதில் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண்கள். மஞ்சள் பூசாத கைகள். கறை என்று பார்த்தால் பெரும்பாலும் என் துணியில்தான்.

"கறைக்குக் கால்வாசி பிடித்தம்" என்றாள் அக்கா. அது அங்கே முதலிலிருந்தே உள்ள வழக்கம். சனிக்கிழமை டீச்சரம்மா கூலி தந்தபோது கால்வாசி குறைந்திருந்தது.

 காசு போனதைவிட வீட்டை நினைத்துத்தான் எனக்குப் பயம். வீட்டில் சொன்னால் திங்கட்கிழமை நான் மறுபடி காக்கா விரட்டவேண்டும். சொல்லாமல் விட்டால், கூலியை எண்ணி வாங்கும் அப்பாவுக்குக் குறைவது தெரிந்துவிடும். யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுத்த வாரப் பஸ்ஸுக்கென்று அப்பா முன்கூட்டியே தந்திருந்த சில்லறையைக் கூலியோடு சேர்த்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். அடுத்த வாரம் முழுக்க நடந்தேன். பழையாற்றங்கரை வழியாக, ஒரு பக்கம் நாற்று, மறுபக்கம் தண்ணீர். காலையில் நடப்பது சுகமாகத்தான் இருந்தது. சாயங்காலம் நடக்கும்போதுதான் அந்தப் பஸ் என்னைத் தாண்டிப் போகும். அப்போது வரும் கோபம் இருக்கிறதே, அதைப் பஸ்மேல் காட்டுவதா, மஞ்சள்மேல் காட்டுவதா என்று தெரியாது.

மஞ்சளை நிறுத்தவும் முடியவில்லை. வயசுப்பெண் மஞ்சள் பூசாமல் வெளியே போனால் அம்மை அடுக்களையை விட்டே வரமாட்டாள். அவ்வளவு மானக்கேடு அவளுக்கு. ஏன் வேண்டாம் என்று காரணம் சொன்னால் பிடித்தம் வெளியே வந்துவிடும். ஆகவே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ஊசி பிடிக்கும் வலது கையில் படாமல், இடது கையால் மட்டும் மஞ்சள் தேய்த்தேன். பெருமையாக வேலைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் வளையத்தைப் பிடிப்பது இடது கை என்பது உறைத்தது.

அந்த வாரக் கறை பெரிசு. அக்கா கண்ணில் படுமுன் எடுத்துவிடலாம் என்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரத்தைப் போட்டுக் கசக்கினேன். மஞ்சள் என்ன ஆனது தெரியுமா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்துபோய்விட்டது. ரத்தச் சிவப்பு. மஞ்சளில் சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பதற்றத்தில் மறந்து தொலைத்துவிட்டேன்.

அக்கா துணியைப் பிடுங்கிப் பார்த்து, "கர்த்தாவே! ஏட்டி, கையைக் குத்திக்கிட்டியா? எங்க, கையைக் காட்டு" என்று என் விரல் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தாள். காயம் எதுவும் இல்லை என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாதிக் கூலி பிடித்தம் என்றாள். நானும் சிரித்தேன். சாயங்காலம் ஆற்றங்கரையில் தனியாக நடக்கும்போது அழுதேன். இனி பஸ் சில்லறையைச் சேர்த்தாலும் கணக்கு ஒக்காது. கொலுசு வாங்க என்று மாமா தந்து வைத்திருந்த காசிலிருந்து எடுத்துப் போட்டு அந்தச் சனிக்கிழமையைச் சமாளித்தேன்.

அதற்கடுத்த வாரம் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனவள், கிணற்றைத் தாண்டிக் கொல்லைப்புறம் வரை போனேன். தையல் பெண்களுக்கு அங்கே சோலி கிடையாது. சலவைக்காரர் துணிகளை வேகவைத்து அலசிப் புல்லின்மேல் விரித்துப் போட்டு, காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில். கண் கூசும் வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு விரிப்பைப் பார்த்து நின்றுவிட்டேன். திராட்சைக் கொடியில் ஓர் இலை மட்டும் தலைகீழாக இருந்தது. போன வாரம் நான் செய்து, அக்காவின் கண்ணுக்கே தப்பிய தப்பு அது. அப்படியானால் இதுதான் நான் சிவப்பாக்கிய துணி. சிவப்பு எங்கே? குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். பொட்டுக் கறை இல்லை.

"எல்லாத்தையும் இப்படித்தான் போடுவியளா?" என்று கேட்டேன்.

"பின்னே? கறை இருந்தாலும் இல்லாட்டாலும் ரெண்டு வெயில் காட்டித்தான் பெட்டியில வைக்கணும். டீச்சரம்மா உத்தரவு" என்றார்.

நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை டீச்சரம்மா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கூலி கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. யாரையும் 'டீ' போட்டுக் கூப்பிட்டதில்லை. அதனாலேயே அவரிடம் கேட்க இன்னும் பயமாக இருந்தது. கேட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று மரியாதையாகவே சொல்லிவிடுவார். கேட்காவிட்டாலோ, அந்த வாரமும் பிடித்தம் இருந்தது, சேர்த்துப் போட என்னிடம் இனிக் காசு இல்லை. எப்படியும் வேலை போகத்தான் போகிறது, கேட்டுவிட்டே போவோம் என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"டீச்சரம்மா, கறைக்குத்தானே பிடிச்சிய? கறை வெயில்ல போயாச்சே. பிடிச்ச காசு?"

 மாமியார் கதை சொல்லுகிறவள் கதையைப் பாதியில் விட்டுவிட்டாள்.

"வெளுக்கிறதுக்கு நான் தனியாகக் கூலி கொடுக்கிறேன், பெண்ணே" என்றார் டீச்சரம்மா.

"எல்லாத் துணிக்கும்தானே குடுக்கிய? கறை இல்லாத துணியும் வெயில்லதானே கிடக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முட்டத்து அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். டீச்சரம்மா எழுந்து கொல்லைப்புறம் போனார்.  வந்தபோது அவர் கையில் என் விரிப்பு இருந்தது. மேஜைமேல் விரித்து, ஓரம் முழுக்க விரலால் நீவிப் பார்த்தார்.

"சரிதான். இனிமேல் வெளுத்து வந்த பிறகு பார்ப்போம். அப்புறமும் கறை இருந்தால் பிடித்தம். இல்லையென்றால் முழுக்கூலி. எல்லோருக்கும்" என்று சொல்லி, பிடித்த காசு முழுவதையும் என் முன்னால் எண்ணி வைத்தார். எழுந்து போகப்போன என்னை நிறுத்தி, "அந்த இலையை அடுத்த தடவை நேராகத் தை" என்றார்.

வாசலில் அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "வாய் நீளம்டி உனக்கு" என்றாள். வலிக்காத குட்டு. எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, நான் நடந்த ஆற்றங்கரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொலுசுக் காசைத் திருப்பி வைத்துவிட்டேன். ஆனாலும் நடந்து பழகிவிட்டதால், காலையில் மட்டும் நடப்பது என்று வைத்துக்கொண்டேன்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முதல் போகமான கன்னிப்பூ அறுப்பு வந்து கெடுத்தது.

அந்த வருஷம் அறுத்த கதிரைக் களத்துக்குக் கொண்டுவருமுன் மழை பிடித்துக்கொண்டது. அறுப்புக்கு வந்த பெண்கள் சுணங்கியதால்தான் நெல் நனைந்தது என்று அப்பா கத்தினார். மழை யாரைக் கேட்டுக்கொண்டு வந்தது? கூலி அளக்கும்போது ஈரத்துக்கு என்று ஆளுக்கு ஒரு நாழி நெல் குறைத்து அளந்தார். அவர்கள் அளந்ததை முந்தியில் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்திருந்தது. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லில் ஒரு மணியை எடுத்து அப்பா கடித்தார். பட்டென்று உடைந்தது. முகமெல்லாம் திருப்தி. "நல்லாக் காஞ்சாச்சு. ஒரு மணி மோசம் போகல்ல. பத்தாயத்துல போட்டிரலாம்" என்றார்.

நான் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தேன். நான் பேச நினைக்கவில்லை, வாய்தான் பேசியது.

"ஈரம் போயாச்சுல்லா அப்பா? பிடிச்ச நாழி நெல்லு?"

புடைத்துக்கொண்டிருந்த அம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னட்டி சொன்னே?" என்றார் அப்பா.

இனி மறைத்துப் பயனில்லை. மஞ்சள், சவுக்காரம், பிடித்தம், டீச்சரம்மா எல்லாவற்றையும் சொன்னேன். பயத்தில் வேகவேகமாகச் சொன்னேன். அப்பா மீசை துடிக்கக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஒரு சக்கரம் கொறைச்சா அன்னிக்கே வீட்டுக்கு வந்திரணும்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னிய. வந்திருந்தா அந்தக் காசை யாருப்பா கேட்டிருப்பா?" என்றேன். பிறகு, எங்கிருந்து தைரியம் வந்ததோ, "எனக்காவது வர ஒரு வீடு இருக்கு. அறுக்க வந்தவ நம்ம களத்தை விட்டா எங்க போவா?" என்றும் கேட்டுவிட்டேன்.

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அம்மை மெல்ல உள்ளே போனாள். திரும்பி வந்தவள் கையில் அளக்கிற நாழி இருந்தது. அதை அப்பா பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அப்பா அந்த நாழியைக் கையில் எடுத்தார். "இந்த மூதியைத் தையலுக்கு அனுப்பினது என் தப்பு" என்று சொல்லிவிட்டு, அறுப்புக்கு வந்தவர்களை அழைத்துவர ஆள் அனுப்பினார்.

அவர்கள் வந்தார்கள். அப்பா தலை நிமிராமல் ஒவ்வொருத்திக்கும் ஒரு நாழி அளந்து போட்டார். "எதுக்கு இது இப்போ?" என்று அவர்களில் மூத்தவள் கேட்டாள்.

"காஞ்சுபோச்சு" என்றார் அப்பா. 

அவர்கள் போனபின் நாழியை என் கையில் தந்தார்.

"நாளைக்குக் காலம்பர பஸ்ஸுல போ. ஆத்தங்கரையில நடந்து போறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"