ஆட்டுக் கோப்பும் தும்மலாரின் மனுவும்

ஆவணக் காப்பகத்தின் மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு வருடமாகப் பழைய தாள்களுக்கு எண் போட்டு வருபவரை எல்லோரும் தும்மலார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கேற்ற மூக்கு. "தூசி வேணுமா, நுரையீரல் வேணுமா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க" என்று கேட்ட டாக்டர், சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டார். தரைத்தளத்து வாசிப்பறையில் ஓர் இடம் காலி. வெள்ளிக்கிழமைக்குள் மனு கொடுக்க வேண்டும்.

வியாழன் மாலை, மூன்று பக்க மனுவோடு சான்றிதழைச் சேர்த்துக் குத்தி மேசையில் வைத்தார். பக்கத்தில் ஆட்டுக் கோப்பு. நூறு வருடத்துக்கு முன் அரசாணை ஒன்றைத் தின்றுவிட்ட ஆட்டின் மீது நான்காண்டு நடந்த விசாரணை அது. சாட்சிகள் ஒன்பது பேர். ஆடு மிச்சம் வைத்த ஆணை, உறைக்குள் பத்திரமாக. கடைசிக் குறிப்பு: "ஆடு மூப்பினால் இறந்தபடியால் கோப்பு முடிக்கப்படுகிறது."

சாயங்காலம் அந்த மேசையில் எது கிடந்தாலும் அதற்கு எண், முத்திரை, துணிக்கட்டு. அதுதான் அங்கே வழக்கம். செக்குமாடு வழி பார்த்தா சுற்றுகிறது? தும்மலார் அசந்து போயிருந்தார், கை அசரவில்லை.

மறுநாள் காலை பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி போனில் வந்தாள்.

"குடுத்தாச்சா?"

"தேடிக்கிட்டிருக்கேன்."

"செத்துப்போன ஆட்டுக் காகிதம்கூடப் பத்திரமா இருக்குன்னு நேத்து பெருமை பேசினீங்க. உங்களது மட்டும் காணோமாக்கும்."

அப்போதுதான் உறைத்தது. கட்டைப் பிரித்தார். ஆட்டுக்கு அடுத்தபடியாக அவருடைய மனு. மேலே அவர் கையெழுத்திலேயே எண்.

எண் விழுந்த தாள் அறையைவிட்டு வெளியே போகக்கூடாது என்று வாசலில் போர்டே தொங்குகிறது. எண்ணை நீக்கக் குழு கூட வேண்டும். குழு கூடுவதோ வருடத்துக்கு ஒருமுறை. மனுவைப் புதிதாக எழுதிவிடலாம், சான்றிதழுக்கு எங்கே போவது? மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கினார்.

"மேடம், மனு மேல இருக்கு."

கண்காணிப்பாளர் அம்மையார் நிமிர்ந்தார். "கொண்டாங்க."

"நம்பர் போட்டாச்சு."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"உங்க மனுவுக்கு நீங்களேவா?"

"கை போட்டுடுச்சு மேடம்."

"எடுத்துட்டு வந்தா திருட்டு. தெரியுமில்ல?"

"தெரியும். அந்த போர்டை எழுதி மாட்டினதே நான்தான்."

தாள் இறங்காவிட்டால் அதிகாரி ஏற வேண்டியதுதான். லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்த அம்மையார், மனுவைப் படித்து முடிப்பதற்குள் பதினோரு தும்மல் போட்டார். சான்றிதழை ஏனோ புரட்டி மட்டும் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இந்த ரூம்ல இருக்கீங்க?"

"இருபத்திரண்டு."

அம்மையார் வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்து, திங்கள் முதல் வாசிப்பறையில் வேலை என்று ஆணை எழுதி, மேசையில் வைத்துவிட்டு மூக்கைத் துடைத்தார்.

தும்மலாரின் கை முத்திரைக் கட்டையை நோக்கி நகர்ந்தது.

அம்மையார் ஆணையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "கையை மடியில வைங்க. நானே கீழ கொண்டுபோறேன்."