பவர் பத்திரத்தில் வைத்த பொட்டு

உண்ணாமலைக்குப் பொட்டு வைக்காமல் எந்தப் பொருளையும் வீட்டுக்குள் விட மனசே வராது. கிரைண்டருக்கு வைத்தாள், கேஸ் சிலிண்டருக்கு வைத்தாள், கரண்டு மீட்டரையும் விடவில்லை. புது ரேஷன் கார்டில் அவள் அப்பிய மஞ்சளில் நம்பரே மறைந்துபோய், கடைக்காரர் அதை வெயிலில் காட்டிக் காட்டிப் படித்தார். அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்தாள் என்றால் அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அம்மா போனபோது அவளுக்குப் பதினாலு வயசு. தம்பி மணிக்கு ஆறு, தங்கச்சி ஆர்த்தி கைக்குழந்தை. இரண்டையும் ஆளாக்கியது இவள்தான். மணி இப்போது மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் டிரைவர். ஆர்த்தி, புருஷன் செத்த பிறகு, அப்பா தருமன் விட்டுப்போன வீட்டுக்கு வந்து, அதன் முன்பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்தாள். இரண்டு வருஷமாக அவள் நெற்றியை மட்டும் உண்ணாமலை, ஊர் வாய்க்குப் பயந்து, தொடாமல் இருந்தாள்.

அந்த வீடு மூன்று பேருக்கும் பொது. அக்காளும் தம்பியும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தால்தான் அது ஆர்த்தி பேருக்கு வரும். மணி சரி என்றான். வருவதற்கு லீவு கிடைக்கவில்லை. தன் சார்பில் கையெழுத்துப் போட அக்காளுக்குப் பவர் எழுதி, போட்டோ ஒட்டி, அங்கே தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பிவிட்டான். இங்கே ஆகவேண்டியதைப் பத்திர எழுத்தர் கண்ணாயிரம் முடித்துக் கொடுத்தார்.

அதற்குள் சித்தப்பா சின்னசாமிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. கிரிவலப் பாதை ஓரத்து இடத்தை எவனாவது சும்மா கொடுப்பானா என்று மஸ்கட்டுக்கே மூன்று தடவை போன் போட்டாராம். "பாக்கலாம் சித்தப்பா" என்றானாம் மணி. அந்தப் 'பாக்கலாம்' உண்ணாமலையின் தூக்கத்தைக் கெடுத்தது. அவன் மனசு மாறிப் பவரை ரத்து செய்தால் ஆர்த்தியும் அவள் மகளும் எங்கே போவார்கள்? நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் எவன் பத்திரம் பதிவான்? ஆக, 2003-ஆம் வருஷத்து ஆனிக் கடைசி நாளான அந்தப் புதன்கிழமையை விட்டால் வேறு வழி இல்லை. அன்றைக்கும் ராகுகாலம் ஒன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தது!

புறப்படுமுன் பவரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். போட்டோவில் தம்பி நெற்றி வெறுமனே இருப்பதைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கிளிப்பில் ஒரு துண்டு மல்லிகையும் செருகினாள்.

சார்பதிவாளர் இளவயசுக்காரர். பக்கத்தைப் புரட்டியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பரிவோடு பார்த்தார்.

"பவர் குடுத்தவர் எப்பம்மா தவறிட்டார்?"

"அய்யய்யோ! இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? குத்துக்கல்லாட்டம் கீறான் சார் எந்தம்பி!"

"அப்ப பொட்டும் பூவும்? செத்தவங்க போட்டோவுக்குத்தானேம்மா வைப்பாங்க? குடுத்தவர் போயிட்டா பவரும் போச்சு. சந்தேகம்னு வந்த பிறகு நான் எப்படிப் பதியறது?"

பக்கத்தில் ஆர்த்தியோடு நின்ற கண்ணாயிரம் தலையில் அடித்துக்கொண்டார். உண்ணாமலை கிளிப்பிலிருந்த மல்லிகையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். பாவி, நானே என் கையால் என் தம்பியைச் சாகடித்தேனே!

"போன் போட்டுத் தரேன், நீங்களே கேளுங்க சார்" என்றாள்.

"போன்ல யார் வேணா பேசலாம்மா. இன்னைக்குத் தேதி போட்டு, அவர் கையால எழுதி, கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் வரட்டும். மூணரைக்குள்ள வந்தா பாக்கறேன்."

அப்போதே இரண்டு அடித்துவிட்டது. எதிரே இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்கு உண்ணாமலை ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு ரோட்டிலேயே நின்றுவிட்டது. மணி வண்டி எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறான் என்றார்கள். மறுபடி போட்டாள், மறுபடியும் போட்டாள். இரண்டே முக்காலுக்குத்தான் அவன் குரல் கேட்டது.

"டேய், உயிரோட கீறியாடா?"

"ஏங்க்கா? யாருனா செத்துட்டாங்களா?"

"நீதான்டா செத்துட்ட!"

அழுகையும் கத்தலுமாக அவள் சொல்ல ஆரம்பிக்க, கண்ணாயிரம் ரிசீவரைப் பிடுங்கி, எழுதவேண்டியதையும் ஃபேக்ஸ் நம்பரையும் சொல்லி வைத்தார். பிறகு மூன்று பேரும் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூணு அடித்தது. மூணு பத்து. மெஷின் வாயைத் திறக்கவில்லை.

"அண்ணன் மனசு மாறிடுச்சாக்கா? சித்தப்பா சொன்னதை நெனச்சிருக்குமோ?" என்றாள் ஆர்த்தி, மெதுவாக.

"வாயை மூடு" என்றாள் உண்ணாமலை. அவளுக்கும் அதே பயம்தான்.

மூணு பதினெட்டுக்கு மெஷின் கிறீச்சிட்டது. காகிதம் முழுசாக வருமுன்னே கிழித்துவிடப் போனவளைப் பூத்துக்காரர் தடுத்தார். வந்ததும் பறித்துக்கொண்டு ஓடினாள். சார்பதிவாளர் சத்தமாகவே படித்தார்.

"ஐயா, நான் த. மணி. உயிரோடுதான் இருக்கிறேன். போட்டோவில் பொட்டு வைத்தது என் பெரியக்கா. ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த நாளிலிருந்து பிளேன் ஏறிய நாள் வரைக்கும் அவர் பொட்டு வைக்காமல் நான் வாசலைத் தாண்டியதில்லை. என் பங்கு முழுவதும் தங்கை ஆர்த்திக்குத்தான். எங்கள் சித்தப்பா வந்து கேட்டால் மட்டும் நான் செத்துவிட்டதாகவே சொல்லவும். 16.7.2003."

ஆபீசே சிரித்தது. சார்பதிவாளரும் சிரித்துக்கொண்டே பவரிலும் ஃபேக்ஸிலும் இருந்த கையெழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். உண்ணாமலை தனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இரண்டு கையெழுத்துப் போட்டாள். இரண்டாவதைப் போடும்போது கண்ணீர் காகிதத்தில் விழாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் முந்தானை முடிச்சிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள். கண்ணாயிரம் பதறிப்போய், கையிலிருந்த ரசீதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"யம்மா, வேணாம்மா! புண்ணியமாப் போவும்!"

"யோவ், உன் ரசீதுக்கு இல்லய்யா."

ஆர்த்தியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, அவள் நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். ஆர்த்தி ஆடிப்போய்விட்டாள்.

"அக்கா! ஊரு இன்னா சொல்லும்?"

"உன் வீட்டு வாசல்ல வந்து சொல்லட்டும். வா, பஸ் போயிடும்" என்று, ஒற்றைச் செருப்போடு முன்னால் நடந்தாள் உண்ணாமலை.