மசக்கைச் சோறு

பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்ச் சேர கம்பெனி பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே நான் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. தண்ணீர்கூட மாத்திரைக்கு வேண்டிய இரண்டு வாய்தான். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னால் ஓட்டுநர் நிறுத்துவார்தான். நாற்பது பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் எங்கே போய் உட்காருவது?

எனக்குப் பெருங்குடலில் அழற்சி. குடலின் உள்பக்கம் புண்ணாகிக் கிடக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஓட வேண்டியிருக்கும், சில நாட்கள் ரத்தமாகவே போகும். "இது போகாதும்மா. அடங்கும், அப்பப்ப எழுந்துக்கும்" என்று வேலூரில் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

என் மதியச் சாப்பாட்டை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். குழைய வடித்த சோறு, தாளிக்காத மோர், தோல் சீவி வேகவைத்து மசித்த கேரட், முட்டையின் வெள்ளை. மிளகாய், புளி, பால் எதுவும் ஆகாது. விதை உள்ள எதுவும் ஆகாது, அதனால் கத்திரிக்காய் ஆகவே ஆகாது. பிரியாணி வாசனை படாமல் ஆம்பூரில் ஒரு தெருவைக் கடக்க முடியுமா? அந்த வாசனை வந்தாலே எனக்குப் பசி வருவதற்கு முன்னால் கோபம் வரும்.

ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் லைனில் எனக்கு வேலை. ஒருத்தி எழுந்தால் அவள் முன்னால் பீஸ் தேங்கும், அடுத்தவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதனால் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, அதுவும் சூப்பர்வைசர் மேடத்திடம் கேட்டுவிட்டுத்தான் பாத்ரூம் போகலாம். சேர்ந்த மாதமே அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"கொடல்ல புண்ணு மேடம்."

"அல்சரா? எனக்கும்தான் இருக்கு. டைமுக்கு சாப்பிடு, நெறைய பால் குடி."

அத்தோடு முடிந்தது. குடல் புண் என்றால் நம் ஊரில் அல்சர்தான், அதற்கு மருந்து பால்தான். ரத்தம் போகிறதென்று சொல்லி ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

போன வருடம் நோய் மறுபடி எழுந்தபோது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் என் ஒட்டிய கன்னம் உப்பி, முகம் வட்டமாகிவிட்டது. ஒருநாள் மாத்திரை குமட்ட, வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டுத் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தேன். பக்கத்து மெஷின் ஆபா என் முகத்தையே பார்த்தார். ஆபா என்றால் அக்கா. எங்கள் லைனிலேயே மூத்தவர், எல்லோருக்கும் அவர் ஆபாதான்.

"இன்னாம்மா, மொகமெல்லாம் தெளிஞ்சிருக்கு. விசேஷமா?"

எனக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருடம். மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லாமல் சிரித்து வைத்தேன். அந்தக் கேள்விக்குச் சிரிப்புதான் 'ஆமாம்' என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. மேடம் என் மெஷினுக்கே வந்தார்.

"இத மொதல்லயே சொல்ல வேணாமா? எப்ப வேணும்னாலும் எழுந்து போம்மா. கேக்கல்லாம் வேணாம்."

அந்த நொடியில் இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வயிறு முறுக்கியது, எழுந்து போனேன். அன்று ஐந்து முறை போனேன். ஒருவரும் 'ச்சு' கொட்டவில்லை. ரத்தம் போகிறது என்று கெஞ்சியபோது கிடைக்காத அனுமதி, இல்லாத பிள்ளைக்குக் கிடைத்தது. வயிற்றெரிச்சலாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. வெகுநாள் கழித்து அந்த வாரம்தான் வேலை நேரத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "நாளைக்கே போய் சொல்லிடு" என்றார். நோய் தொடர்ந்து ஆறு மாதம் அடங்கியிருந்தால்தான் பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். அந்த ஆறு மாதம் எங்களுக்கு வந்ததே இல்லை. நான்காவது மாதத்தில் ஒரு துளி ரத்தம் கண்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். "சொல்றேன்" என்றேன். மறுநாளும் போய்த் தண்ணீர் குடித்தேன்.

எங்கள் பக்கத்தில் மசக்கைக்காரிக்கு, வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று வகைவகையாகச் சோறு கலந்து கட்டிக்கொண்டு போய் ஊட்டுவார்கள். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் என்னைப் பெஞ்சின் நடுவில் உட்கார வைத்தார்கள். எதிரே ஏழு டப்பாக்களைத் திறந்தார்கள். வேர்க்கடலை போட்ட புளிச்சோறு, எள்ளுச்சோறு, எலுமிச்சை, தக்காளி, தேங்காய், மாதுளை முத்து தூவிய தயிர்ச்சோறு. ஏழாவது ஆபாவின் பிரியாணி, பக்கத்தில் எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய். என் டாக்டர் ஆகாது என்று எழுதிக் கொடுத்ததையெல்லாம் யாரோ பார்த்துப் பார்த்துச் சமைத்திருந்தார்கள்.

"வாயத் தொற" என்றார் ஆபா.

ஏழு பெண்கள் விடியற்காலையில் எழுந்து எனக்காக அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். என்னவென்று சொல்வேன்? வாயைத் திறந்தேன். ஒவ்வொருத்தியும் ஒரு பிடி ஊட்டினாள். இரண்டு வருடமாகப் புளி படாத நாக்கு அது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை ஏக்கம் என்று நினைத்து ஆபா என் தலையைத் தடவினார். அது வெறும் ருசி. பிரியாணியில் இரண்டாவது பிடியை நானாகத்தான் கேட்டேன், கத்திரிக்காயோடு.

மூன்றரை மணிக்கு வயிறு அறுக்க ஆரம்பித்தது. பாத்ரூமில் பார்த்தால் எல்லாம் ரத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது என் வெளிர் மஞ்சள் சுடிதாரின் பின்பக்கம் நனைந்திருந்தது. வாசலில் ஆபா நின்றிருந்தார்.

"யா அல்லா" என்று என்னை அணைத்துக்கொண்டு கத்தினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எனக்காக ஒரு நிமிடம் நிற்காத லைன் மொத்தமும் நின்றது.

"ஆபா, இது அது இல்ல. நான் பொய்..."

"பேசாத. ஒண்ணும் பேசாத கண்ணு."

கம்பெனி கார் வரும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வலியில் உளறுகிறேன் என்று என் வாயைப் புடவை முந்தானையால் துடைத்துவிட்டார்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வேலைக்குப் போனதும் மேடம் என் தோளைத் தொட்டுத் தணிந்த குரலில் பேசினார். "மனச தேத்திக்கோ. ஒடம்பு இப்ப பழையபடி ஆய்டுச்சு இல்ல? முன்ன மாதிரி கேட்டுட்டுப் போம்மா." தலையாட்டினேன். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்தேன்.

மதியம் ஆபா எனக்கென்று ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். குழைந்த சோறு, தாளிக்காத மோர், உப்பு மட்டும் போட்டு மசித்த கேரட். கலைந்த உடம்புக்குப் பத்தியம். இரண்டு வருடத்தில் வெளியாள் ஒருவர் எனக்குச் சமைத்த, நான் சாப்பிடக்கூடிய முதல் சாப்பாடு அதுதான். அவர் டப்பாவில் வெறும் ரொட்டி இருந்தது.

"அன்னையிலேர்ந்து பிரியாணி அடுப்புல ஏத்தல. சூடு ஜாஸ்தியாப் போச்சு, நாந்தான் கேக்கக் கேக்கப் போட்டேன். என் கையாலதானே போச்சு" என்றார்.

இதை மட்டும் விடக்கூடாது என்று நினைத்தேன். என்னைத் திட்டட்டும், மேடம் வேலையை விட்டே அனுப்பட்டும். டப்பாவைக் கீழே வைத்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

"உங்களால இல்ல ஆபா. கொழந்தையே இல்ல ஆபா எனக்கு. கொழந்தையே இல்ல."

அவர் உடைந்து அழுதார். என் முகத்தை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"வரும்டி. கண்டிப்பா வரும். நாப்பது நாள் பத்தியமா இரு, அப்புறம் எல்லாம் சாப்பிடலாம்."