எல்லோருக்கும் அனுமதி

அதிராம்பட்டினத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம். விண்டோஸில் வாரம் ஒரு வைரஸ் வந்ததால் லினக்ஸுக்கு மாறினேன். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனி லாகின், தனி ஃபோல்டர். அடுத்தவர் ஃபோல்டரைத் தொட்டால் 'அனுமதி இல்லை' என்று மெஷின் முகத்தில் அடித்தாற்போல் சொல்லும்.

நான் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்துத் தெரு அக்கா ஒருநாள் காலையில் வந்து, துபாயிலிருந்த கணவருக்கு என்னை டைப் செய்யச் சொன்னார்: "உங்க உம்மாவோட என்னால முடியல. பெருநாளுக்குக் கட்டாயம் வந்துடுங்க." நெட் இணைப்பு சாயங்காலம்தான் ஒழுங்காகக் கிடைக்கும். எல்லார் கடிதங்களையும் அப்போதுதான் மொத்தமாக அனுப்புவேன்.

அன்றே மதியம் பேராவூரணித் தேங்காய் வியாபாரி ஒருவர் மச்சானின் ஃபோல்டரைத் திறக்கப்போய் அவமானப்பட்டார். "என் மச்சான் லெட்டரைப் பார்க்க யாருகிட்டங்க அனுமதி வாங்கணும், தாசில்தார்கிட்டயா?" என்று கத்தினார். நம்மூரில் மச்சானிடம் மறைப்பதாவது! எனக்கும் கோபம் வந்தது, மெஷின் மேல். ரூட்டாக நுழைந்தேன். ரூட் என்றால் அந்த மெஷினுக்கே முதலாளி, யாரும் தடுக்க முடியாது. எல்லா ஃபோல்டர்களுக்கும் சேர்த்து chmod -R 777 என்று அடித்தேன். யாரும் எதையும் படிக்கலாம் என்ற அளவுக்குத்தான் எனக்குப் புரிந்திருந்தது. தாராள மனசு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல் எதையும் பார்க்காமல் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ராத்தா அழுதுகொண்டே வந்தார். கணவர் போன் செய்தாராம், பெருநாள் லீவை உடன் வேலை பார்ப்பவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டாராம். கடிதத்தைத் திறந்து பார்த்தேன். 'உம்மா என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அவசரம் இல்லை, மெதுவாக வாருங்கள்' என்றிருந்தது. நான் எல்லாவற்றையும் திறந்துவிட்ட அன்று மதியம் ராத்தாவின் நாத்தனார் அடுத்த மெஷினில்தான் டைப்பிங் பழகினாள். 777 என்பது படிக்க மட்டுமல்ல, மாற்றி எழுதவும் அனுமதி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"படிச்சாக்கூடப் போகுது தம்பி. என் லெட்டர்ல எழுத அவளுக்கு யாரு அனுமதி குடுத்தா?"

"நான்தான் ராத்தா."

அவர் கண்ணெதிரிலேயே ஃபோல்டரைப் பூட்டினேன். "இனிமே உங்களையும் என்னையும் தவிர யாரும் பார்க்க முடியாது."

ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நீங்க எதுக்கு?"

ரூட்டைப் பூட்ட எனக்கு எந்தக் கட்டளையும் தெரியவில்லை. அடுத்த கடிதத்தை அவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏரோகிராம் தாளில் எழுதி, பசை தடவி ஒட்டி, தபால் பெட்டியில் தானே போட்டார்.