எண்பத்திரண்டு ராத்தல்

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. ஆம்பூரில் மோட்டார் பட்டறை வைத்திருந்த ஷபீ அஹமது, தான் சாவதற்கு இரண்டு மாதம் முன்பு வாய்திறந்து சொன்னது இது. தேதியும் மணியும் அவன் சொன்னபடியே இருக்கின்றன.

1934, ஜனவரி. தோல் தரகர் ஆதிகேசவன் தன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் ஒரு மர வண்டி. இரண்டே சக்கரம். உள்ளே சிறிய அறை, இடப்பக்கம் ஒரு படுக்கை, வலப்பக்கம் ஒரு படுக்கை. சந்தை சந்தையாகப் போய்ப் பச்சைத்தோல் வாங்குகிற மனிதர். ராத்தங்கல் எல்லாம் அதற்குள்தான்.

"இடப்பக்க டயரு மட்டும் தேஞ்சு போவுது பாய். மூணு டயரு மாத்திட்டேன். இன்னான்னு பாரு."

ஷபீ குனிந்து டயரைத் தடவினான். உள் ஓரம் மட்டும் மழித்த தலைபோல வழவழவென்று இருந்தது. வெளி ஓரத்தில் புது ரப்பர் அப்படியே இருந்தது. காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் அச்சு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். நூல் பிடித்துப் பார்த்தான். இடக்கோடியில் விரல் பருமன் வளைவு.

அச்சைக் காய்ச்சி நிமிர்த்தினான். அச்சின்மேல் இருக்கும் இரும்பு வில்லில் இன்னொரு பட்டை சேர்த்தான். புது டயர் போட்டு அனுப்பினான்.

இருபத்து மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது. அதே பக்கம். அதே உள் ஓரம்.

"இடப்பக்கம் இன்னா ஏத்துறீங்க மொதலாளி?"

"ஒண்ணும் ஏத்துறதில்ல. நான் வலப்பக்கம் படுக்கிறவன்."

வெள்ளிக்கிழமை. தோல் மண்டிக்கு விடுமுறை. ஜும்மா முடிந்து, பிற்பகல் 2.40க்கு ஷபீ வண்டியை மண்டியின் எடைமேடைக்கு இழுத்துப் போனான். ஆதிகேசவன் டீ குடிக்கப் போயிருந்தார். சுற்றிலும் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை நாற்றம். ஆளரவம் இல்லை.

உள்ளே இருந்த மெத்தை, பெட்டி, அடுப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தான். வெறும் வண்டி. ஒவ்வொரு சக்கரமாக மேடையில் ஏற்றினான்.

வலது, 530 ராத்தல்.

இடது, 612.

மறுபடி போட்டான். 612. எண்பத்திரண்டு ராத்தல் கூடுதல்... எங்கிருந்து?

குண்டை நகர்த்தித் தராசுக் கோலை நேராக நிறுத்தினான். கை எடுத்தான். கோல் நிற்கவில்லை.

மெல்ல ஏறியது.

மெல்ல இறங்கியது.

மறுபடி ஏறியது... இறங்கியது. காற்றில்லை. ஷபீ எண்ணினான். நிமிஷத்துக்குப் பதினாறு தடவை.

மூச்சு.

கிரீச்...

இடப்பக்க வில். உள்ளே யாரோ புரண்டு படுக்கிற சத்தம்.

மணி 2.55.

ஷபீ உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஆதிகேசவன் வரும்வரை வெயிலிலேயே நின்றான்.

"அந்தப் படுக்கையில யாரு படுத்திருந்தது மொதலாளி?"

"சமையல்காரி. அன்னம்மாள்னு."

"இப்ப எங்க?"

"செத்துட்டா. ஜுரம்." ஆதிகேசவன் பல் குத்திக்கொண்டே சொன்னார். "வேலூர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினா ஒடுகத்தூர் சந்தை போய்டும். ரொம்ப தூரம் சுவத்தத் தட்டிக்கினே வந்தா. அப்பறம் சத்தமில்ல. சந்தை முடிஞ்சு தொறந்து பாத்தேன்."

ஷபீ எடையைச் சொன்னான். கோல் ஏறி இறங்கியதையும் சொன்னான். ஆதிகேசவன் சிரிக்கவில்லை.

"தெரியும். மணல் மூட்டை போட்டு வலப்பக்கம் சரிக்கட்டிப் பாத்தேன். விடிஞ்சா மூட்டை கிழிஞ்சு மணலெல்லாம் ரோட்டுல கெடக்குது. நான் இனிமே அதுல படுக்கிறதில்ல." பல்குச்சியை எறிந்தார். "ஆளுதான் வேணும்போல. சமைக்கத் தெரிஞ்சவனா யாராச்சும் இருந்தா சொல்லு."

இருந்தான். ஷபீயின் மனைவி சுகரா பேகத்தின் தம்பி ரஷீத். முப்பது வயது. வேலை இல்லாமல் எட்டு மாதமாக அக்கா வீட்டில்தான் சாப்பாடு. ஷபீக்கு அவன் முகத்தைப் பார்த்தாலே பேஜார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரஷீத் துணிமூட்டையோடு வந்தான். வேலை கிடைத்த சந்தோஷம்.

"நான் எந்தப் பக்கம் படுக்கணும் மச்சான்?"

"வலப்பக்கம்."

வேறொன்றும் ஷபீ சொல்லவில்லை. நிமிர்த்திய அச்சு, இரண்டு புது டயர். வண்டி கிளம்பிப் போனது.

மே மாதம் ஆதிகேசவன் வந்தார். நல்ல குஷியில் இருந்தார். ஷபீ குனிந்து பார்த்தான். இரண்டு டயரும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தன. மூன்று மாத ஓட்டம். மயிரிழை வித்தியாசமில்லை.

"ரஷீத் எங்க?"

"நெமிலியில எறங்கிட்டான். வேற வேலை பாத்துக்குறேன்னான்."

"எப்ப?"

ஆதிகேசவன் காரில் ஏறினார்.

அன்று ராத்திரி சுகரா பேகம் தம்பியை நினைத்து அழுதாள். அவள் தொல்லை பொறுக்காமல் ஷபீ நெமிலிக்குப் போனான். ஊரில் யாருக்கும் ரஷீத்தைத் தெரியவில்லை. கடைசியில் பள்ளிவாசலில் கேட்டான். பாங்கு சொல்லும் மோதினார் அவனைக் கபர்ஸ்தானுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்மேட்டைக் காட்டினார். அதன்மேல் புல் முளைத்திருந்தது.

"ஒரு தரகரு கொண்டாந்து போட்டுட்டுப் போய்ட்டாரு. பிப்ரவரி எட்டாந் தேதி."

ரஷீத் ஆம்பூரிலிருந்து கிளம்பியது பிப்ரவரி நாலாந் தேதி.

நாலே நாள்.

அப்படியானால் மூன்று மாதம்... வலப்பக்கம் சரிக்கட்டியது யார்?

மோதினார் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல பாய். உடம்ப நான்தான் குளிப்பாட்டுனேன். காயம் கீயம் ஒண்ணுமில்ல. சந்தூக்குப் பொட்டியில வெச்சுத் தூக்க நாலு பேரு வந்தோம்... தூக்குனதும் பொட்டி காலின்னு நெனச்சு எறக்கித் தொறந்து பாத்தோம். ஆள் உள்ளதான் இருந்தாரு. கனம் இல்ல."